சுரைக்கொடிக்கு என்ன குறை

தணிகாசலம் ஓய்வுபெற்ற நூலகர். அறுபத்தாறாம் வயதில் மொட்டைமாடியில் சுரைக்கொடி வளர்க்கத் தொடங்கி, முப்பதுகூட நிரம்பாத தில்லைநாயகிக்குச் சீடரானார். அவள் நாற்றுப்பண்ணை நடத்தினாள். கேள்விக்குக் கட்டணம் கிடையாது. பெரும்பாலும் பதிலும் கிடையாது.

ஒருநாள் மஞ்சள் இலை ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

"இதுக்கு என்ன சத்துக் குறைவும்மா?"

"கொடியில எங்க இருந்துச்சு சார்? அடியிலயா, நுனியிலயா?"

"பறிச்சுட்டேனே."

"அடி இலை மஞ்சளானா ஒரு குறை. நுனி இலைன்னா வேற குறை."

"அப்ப இது?"

"இது மேசைல இருக்கு."

குழம்பிப்போன தணிகாசலம், எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று இரும்புச்சத்து, மக்னீசியம், தழைச்சத்து எல்லாவற்றையும் ஊற்றினார். தழைச்சத்து மட்டும் இரண்டு பங்கு. கொடி கரும்பச்சையாகித் தண்ணீர்த் தொட்டியை மூடியது. காய் மட்டும் இல்லை.

வீட்டுக்காரர் மாடிக்கு வந்து பார்த்தார்.

"தளம் ஊறுது சார். ஞாயித்துக்கிழமை வருவேன். அதுக்குள்ள ஒரு பிஞ்சாவது பிடிக்கணும். இல்லேன்னா கொடிய அறுத்துடுவேன்."

தணிகாசலம் பண்ணைக்கு ஓடினார்.

"பூவாப் பூக்குதும்மா. காய்க்க மாட்டேங்குது."

"தழைச்சத்து கூடிப்போச்சு. இலையும் ஆண்பூவுமாத்தான் வரும். உரத்தை நிறுத்துங்க, பெண்பூ வரும்."

"அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"பூவுக்கு அடியில குட்டிச் சுரைக்கா இருக்கும். ஆண்பூவுக்கு வெறும் காம்பு. அப்புறம் சார்..."

அதற்குள் அவர் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

சனிக்கிழமை மாலை அவரே வந்து அவளை அழைத்துப்போனார். பெண்பூ ஒன்று அப்போதுதான் வெள்ளையாக மலர்ந்திருந்தது. அடியில் சுண்டுவிரல் அளவில், பூனைமயிர் போர்த்திய பிஞ்சு.

"ஒரு ஆண்பூ குடுங்க சார். மகரந்தம் தடவணும்."

தணிகாசலம் பெருமிதத்தோடு ஒரு நோட்டை நீட்டினார். பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, எண்ணும் தேதியும் எழுதிய ஆண்பூக்கள். மொத்தம் நாற்பத்து மூன்று.

"ஒண்ணு விடலைம்மா. காய்க்காத பூவுக்கு எதுக்குச் சத்து? இன்னிக்கு விரிய வேண்டியதையும் மத்தியானம் மொட்டாவே கிள்ளிக் கடைசிப் பக்கத்துல ஒட்டிட்டேன்."

தில்லைநாயகி கொடியைச் சுற்றி வந்தாள். இலைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பிறகு தொட்டியோரம் உட்கார்ந்து, நோட்டை முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகப் புரட்டினாள்.

"என்னம்மா, எந்தப் பூ வேணும்?"

"காலையில அந்தப் பெண்பூ வாடிடும் சார்."

"பிஞ்சு?"

"மஞ்சளாகி விழுந்துடும்."

தணிகாசலம் பேனாவைத் திறந்தார்.

"எந்தச் சத்து இல்லாம?"

அவள் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"நாப்பத்து மூணாம் பக்கத்துல ஒட்டியிருக்கு சார்."