பாரம் இறங்கும் முன்

“பதினேழாம் நம்பர் ஸ்பேனர் குடுங்கண்ணா,” என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

தில்லைநாயகம் பத்தொன்பதை எடுத்து நீட்டினார்.

“இது பத்தொன்பதுங்க. வேணும்னே குடுக்கறீங்களா?” சகாயம் சிரித்தான். பாழாய்ப்போன சிரிப்புகூட அவனுக்கு அழகாக வந்து தொலைத்தது.

கார் அமிர்தவல்லி அம்மாவுடையது. ஞாயிறு காலைகளில் அவர் எதிரே பேசாமல் உட்கார்ந்திருக்கச் சிலர் வருவார்கள். முதன்முதலில் வந்தவர் தில்லைநாயகம். அம்மாவைவிட வயதில் மூத்தவர்; ஆனாலும் சீடர். அம்மா எங்கே கிளம்பினாலும் வண்டி ஓட்டிவந்தது அவர்தான். போன மாதம் வந்து சேர்ந்த சகாயத்தின் கையில் அம்மா சாவியைக் கொடுத்தார். அன்றிலிருந்து தில்லைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் தடதடக்கிறது, அச்சு மூட்டில் அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் போய்விட்டது, வாசலிலேயே மாற்றிவிடலாம் என்றவனும் சகாயம்தான். காரின் பின்பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். புது புஷ்களைப் பொருத்தி, கார் அந்தரத்தில் நிற்கும்போதே சகாயம் போல்ட்டுகளை முழுக்க முறுக்கினான்.

தில்லைநாயகத்துக்குத் தப்பு தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் ரப்பர் கிழியட்டும். அப்போது அம்மா யாரைக் கூப்பிடுவார் பார்க்கலாம்.

சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினார்கள். சகாயம் கை கழுவப் போனான்.

அம்மா வெளியே வந்தார்.

“ஒண்ணு கேக்கணுமுங்கம்மா,” என்றார் தில்லைநாயகம். “எங்கிட்ட என்ன குறைன்னு சாவியை அவனுக்குக் குடுத்தீங்க?”

அம்மா உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

“எடுங்க. ஒரு சுத்து போயிட்டு வரலாம்.”

ஒரு மாதமாக ஏங்கிய சாவி. தில்லைநாயகம் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தார். சாவியை நுழைத்தார். திருப்பவில்லை.

“என்னாச்சுங்க?”

“போக வேண்டாமுங்கம்மா. போல்ட்டைத் தப்பா முறுக்கியிருக்கு.”

சகாயம் ஈரக் கையோடு வந்து நின்றான். “என்னண்ணா தப்பு?”

“சக்கரம் தரையில நின்னு, பாரம் இறங்கின பொறகுதான் முழுசா இறுக்கணும்.”

“அப்பவே சொல்றதுக்கென்ன? பாத்துட்டுத்தானே நின்னீங்க?”

“பாத்துட்டுத்தான் நின்னேன்.”

சகாயம் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு செருப்பைக் கழற்றி எறிந்தான். ஸ்பேனரோடு மறுபடி அடியில் புகுந்தான்.

“முன்னாடியே இறுக்கினா என்னாகுமுங்க?” என்று கேட்டார் அம்மா.

“வண்டி சும்மா நிக்கறப்பகூட ரப்பர் உள்ளுக்குள்ள முறுக்கிக்கிட்டே கெடக்குமுங்க. வெளிய பாத்தாத் தெரியாது. அதும்பாட்டுக்குக் கொஞ்சங்கொஞ்சமாக் கிழிஞ்சு…”

தில்லைநாயகம் நிறுத்திவிட்டார்.

அம்மா பின்சீட்டிலிருந்து முன்னால் குனிந்தார்.

“ரொம்ப வலிக்குதாங்க?”

தில்லைநாயகம் இறங்கி வந்தார். சகாயத்தின் செருப்புகள் வெயிலில் திசைக்கொன்றாகக் கிடந்தன. இரண்டையும் கையில் எடுத்து, காரின் நிழலில் ஜோடியாக வைத்தார்.