சம்பந்திக்குப் போட்ட கட்டில்

ராஜா கதை இன்றைக்கு வேண்டாம். ராஜாக்களுக்குச் சண்டை போடவே நேரம் சரியாக இருக்கும், அவர்கள் எங்கே கட்டிலை உதறிப் பார்க்கப் போகிறார்கள்? இது ஒரு மிளகு வியாபாரியின் கதை. கேட்கும்போது யாரும் சொறியக் கூடாது. சொறிந்தால், உங்கள் வீட்டுக் கதையும் இதுதான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வெகு காலத்துக்கு முன்னால், காவிரிக்கரைப் பட்டணம் ஒன்றில் வைத்திலிங்கம் என்று ஒரு வியாபாரி இருந்தார். அவர் மனைவி சௌந்தரவல்லி. அந்த அம்மாள் காலையில் வீட்டைத் துடைப்பாள், மாலையில் துடைப்பாள், யாராவது வந்துவிட்டுப் போனால் அவர்கள் காலடியைப் பார்த்து இன்னொரு முறை துடைப்பாள். ஊரில் சுத்தம் என்ற பேச்சு வந்தாலே அவள் பெயரும் கூடவே வரும்.

அந்த வீட்டில் ஒரு பலாமரக் கட்டில் இருந்தது. காலில் யானை, தலைமாட்டில் மயில், சுற்றிலும் பூங்கொடி என்று தச்சர் ஆசை தீரச் செதுக்கியிருந்தார். எத்தனை செதுக்கலோ அத்தனை இடுக்கு என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஒருமுறை வைத்திலிங்கம் வெளியூர்ச் சந்தைக்குப் போய், வழியில் சத்திரத்தில் தங்கி, விரித்த படுக்கையை அப்படியே சுருட்டிக்கொண்டு வீடு வந்தார். அதற்குப் பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் அரிப்பு தொடங்கியது.

"கொசுதான்" என்றார் வைத்திலிங்கம்.

"உடம்புச் சூடுதான்" என்றாள் சௌந்தரவல்லி.

"கண்ணேறுதான்" என்றார் பூசாரி. திருநீறு போட்டார், தட்சணை வாங்கினார், போய்விட்டார். அரிப்பு மட்டும் போகவில்லை.

அவர்களுக்குத் தையல்நாயகி என்று ஒரே மகள். பேச்சை விடக் கண்ணை நம்புகிறவள். கொசு கடித்தால் தடிப்பு அங்கொன்று இங்கொன்றாக இருக்கும், இது எறும்பு போன மாதிரி வரிசையாக இருக்கிறதே என்று யோசித்தாள். விரிப்பைப் பார்த்தாள், ரத்தக் கீறல் தெரிந்தது. மெத்தையின் தையலைப் பிரித்துப் பார்த்தாள், கறுப்புக் கறுப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. கட்டில் பொருத்தில் ஈர்க்குச்சியை விட்டுக் குடைந்தாள். உளுந்துப் பொட்டு அளவில், தட்டையாக, செம்பழுப்பாக ஒன்று வெளியே ஓடி வந்தது. நசுக்கினாள். அந்த நாற்றம் வந்ததும் சந்தேகம் தீர்ந்தது.

"அம்மா, மூட்டைப்பூச்சி!"

"மெதுவாப் பேசுடி!" என்று மகளின் வாயைப் பொத்தினாள் சௌந்தரவல்லி. "நம்ம வீட்டுலயா? இருக்கவே இருக்காது."

"மெத்தை பூரா கறுப்புப் பொடி இருக்கும்மா."

"மிளகு வியாபாரி வீட்டுல மிளகுப் பொடி இல்லாம வேற என்ன இருக்கும்?" என்றார் வைத்திலிங்கம். சொல்லும்போதே முதுகைத் தூணில் தேய்த்துக்கொண்டார்.

வழி என்னவோ எல்லோருக்கும் தெரிந்ததுதான். கட்டிலை வெயிலில் போட்டு, இடுக்கெல்லாம் கொதிக்கிற தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆனால் அந்தப் பெரிய கட்டில் கொல்லை வாசலில் நுழையாது. தெருவாசல் வழியாகத்தான் போகும். நடுப்பகலில் தெருவில் ஒரு கட்டில் நின்றால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

போதாததற்கு அப்போது தையல்நாயகிக்கு வரன் பேசியிருந்தார்கள். நல்ல இடம். பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு மாப்பிள்ளையின் அப்பா அம்பலவாணரும் அம்மாவும் முன்கூட்டியே வந்து தங்கப் போகிறார்கள். இந்த நேரத்தில் மூட்டைப்பூச்சி வீடு என்று பேச்சு கிளம்பினால் கல்யாணம் அவ்வளவுதான்.

ஆகவே எல்லாம் ரகசியமாக நடந்தது. கதவைச் சாத்திச் சாம்பிராணி போட்டார்கள். மூட்டைப்பூச்சிகள் ஓர் அறையிலிருந்து எல்லா அறைக்கும் குடிபோயின. மெத்தைக்கு அடியில் வேப்பிலை பரப்பினார்கள். அவை வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு நடந்தன. கடைசியில் எல்லாவற்றையும் மூடி மேலே புதுப் பட்டு விரிப்பு ஒன்றைப் போட்டார்கள். அதில் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை.

அம்பலவாணரும் அவர் மனைவியும் படுக்கைச் சுருட்டோடு வந்து இறங்கினார்கள். வீட்டிலேயே நல்ல கட்டிலைச் சம்பந்திக்குப் போடுவதுதானே வழக்கம்? யானையும் மயிலும் போட்ட கட்டிலைக் கொடுத்தார்கள். அதன் மேல் தங்கள் படுக்கையையும் விரித்து அவர்கள் படுத்தார்கள்.

மறுநாள் காலை வைத்திலிங்கம் கேட்டார். "சம்பந்தி, நல்லாத் தூங்கினீங்களா?"

"ஆஹா, சொர்க்கம்!" என்றார் அம்பலவாணர். அவர் கை மேல்துண்டுக்கு உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தது.

அதற்கும் மறுநாள் கேட்டார். "ஆஹா" மட்டும் வந்தது, சொர்க்கம் வரவில்லை.

மூன்றாம் நாள்தான் தாம்பூலம் மாற்ற வேண்டும். அன்று காலை கேட்பதற்கே இடமில்லை. அம்பலவாணர் படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார். கண் சிவந்திருந்தது. "ஊர்ல ஒரு அவசர வேலை. நிச்சயத்தை இன்னொரு நாள் வச்சுக்கலாம்" என்றார். அவர் மனைவி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சௌந்தரவல்லி கதவுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் துடைத்த துடைப்பெல்லாம் வீணாகப் போயிற்றே என்று தனக்குள் புலம்பினாள். பாவம், எனக்கே அவள் மேல் இரக்கமாக இருக்கிறது.

தையல்நாயகி மட்டும் முன்னால் வந்தாள்.

"மாமா, நீங்க எதுக்குப் போறீங்கன்னு தெரியும். எங்க கட்டில்ல மூட்டைப்பூச்சி இருக்கு. தெரிஞ்சே உங்களை அதுல படுக்க வச்சோம். தப்புதான். கோவமா இருந்தா இங்கயே திட்டிட்டுப் போங்க, மனசுல வச்சுக்கிட்டுப் போகாதீங்க."

அம்பலவாணர் அவளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கையிலிருந்த படுக்கையைப் பார்த்தார்.

"உங்க கட்டில்லயா?" என்றார். "நாங்க கொண்டாந்த படுக்கையிலேர்ந்துதான் வந்துச்சுன்னு நினைச்சோமே! எங்க வீட்டுல ரொம்ப நாளா இருக்கும்மா. உங்க வீட்டையும் கெடுத்துட்டோம், தெரிஞ்சா பொண்ணு குடுப்பாங்களான்னு பயந்துபோய்த்தான் ஓடப் பாத்தோம்!"

சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தார். வைத்திலிங்கம் சிரித்தார். கதவுக்குப் பின்னாலிருந்து சௌந்தரவல்லியும் சிரித்தாள். பிறகு எல்லோரும் யாருக்கும் ஒளிக்காமல், மனசாரச் சொறிந்துகொண்டார்கள். அந்தச் சுகத்தை நான் என்னவென்று சொல்ல!

தாம்பூலம் காத்திருக்கட்டும் என்று சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். தையல்நாயகி கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொண்டுவந்து பொருத்துக்குப் பொருத்து ஊற்றினாள். விரிப்பு, உறை எல்லாம் வெந்நீரில் விழுந்தன. மெத்தையும் படுக்கைச் சுருட்டும் வெயிலில் காய்ந்தன. "ஒரு தடவையோட விட்டுடாதீங்க. முட்டை பொரிக்கும், வாரா வாரம் ஊத்தணும். எங்க வீட்டுல ஒரு தடவையோட விட்டுத்தான் இந்தக் கதி" என்றார் அம்பலவாணர்.

சௌந்தரவல்லி எதிர்வீட்டைப் பார்க்கவே பயந்து நின்றாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு கட்டிலின் கால் வெளியே வந்தது, பிறகு முழுக் கட்டிலும் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒன்று வந்தது. கோடி வீட்டிலிருந்து இரண்டு வந்தன. கண்ணேறு என்று சொன்ன பூசாரி தன் பாயைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, "தண்ணி மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

அன்று மாலை அந்தத் தெருவில், காய்கிற கட்டில்களுக்கு நடுவே நின்று, ஒரு கையால் தாம்பூலம் மாற்றி மறுகையால் முதுகைச் சொறிந்துகொண்டு, நிச்சயம் நடந்தது.

ஆகையால் கேட்டவர்களே, வீட்டில் உள்ள குறையை வெட்கப்பட்டு மூடினால் அது மூடிய இடத்திலேயே பெருகும், வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால்தான் தீரும்.