பேர்ப்பலகை மறைத்த காற்று

கொல்லிமலை அடிவாரத்து மெக்கானிக் சடையப்பன், இருபது வருச அனுபவசாலி. அவன் கட்டிக்கொடுத்த காட்டு ஜீப் மூன்றாம் வளைவிலேயே கொதித்தது. ரேடியேட்டரை மாற்றினான், தண்ணீர் பம்பை மாற்றினான். கொதி நிற்கவில்லை.

"இன்னிக்கும் கொதிச்சா பட்டறையைக் காலி பண்ணிடு" என்றார் ஜீப்புக்கும் பட்டறைக்கும் சொந்தக்காரரான எஸ்டேட் பொன்னுரங்கம்.

சடையப்பன் அப்போதுதான் வண்டியின் முகத்தைப் பார்த்தான். ரேடியேட்டரை மூடிக்கொண்டு, முதலாளி பேர் எழுதிய இரும்புப் பலகை.

"ஐயா, உங்க பேரு காத்தை உள்ள விடலீங்க."

"என் பேரையே கழட்டச் சொல்றியா?"

"பின்னாடி மாட்டுவோங்க. முந்திப் போறது யாருன்னு பின்னால வர்றவனுக்குத்தானே தெரியணும்?"

முதலாளி மீசையைத் தடவினார். "அதைத்தான் நானும் நினைச்சேன்."

ஜீப் கொதிக்காமல் உச்சி ஏறியது. பலகையை முன்னால் வெல்டு வைத்த மடையன் யாரென்று அவர் கேட்கவில்லை. சடையப்பனும் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.