தாடையைவிட்டுப் போன எலும்புகள்

நீரைவிட்டுக் கரையேறிய உயிர்களின் உடம்பில் ஈரம் இன்னும் காயாத அந்தக் காலத்தில், விலங்குகள் எல்லாம் பேசும். ஆனால் எதற்கும் காது கிடையாது. நீருக்குள் இருந்தவரை ஓசை உடம்பெல்லாம் புகுந்து போகும். கரையிலோ அது காற்றோடு வந்து, தோலைத் தடவிவிட்டுப் போய்விடும். அதனால் தாடையைத் தரையில் வைத்துத்தான் எதையும் கேட்பார்கள். வேண்டியவர்களோடு தாடையும் தாடையும் ஒட்டிப் பேசிக்கொள்வார்கள்.

கடலோரப் பெரணிக் காட்டில் ஆம்பி என்றொரு சின்ன மயிர்விலங்கு இருந்தாள். கணவன் கருக்கன். பிள்ளை துளிரன், இன்னும் பால் மறக்காதவன்.

ஒரு காலையில் மூடுபனி கடலையும் கரையையும் ஒன்றாக்கியிருந்தது. தும்பியைத் துரத்திப் போன துளிரன் கரையோரம் கிடந்த கட்டையில் ஏறினான். அலை அதை மெல்ல இழுத்துக்கொண்டு போனது.

ஆம்பி கரையெங்கும் தாடையை வைத்து வைத்துக் கேட்டாள். மணலுக்குள் அலை மோதுவது மட்டும் கேட்டது. பிள்ளையின் சத்தமே இல்லை.

அப்போது காற்று அவள் மீசை முடிகளை அசைத்துப் பேசியது.

"உன் பிள்ளை அழுகிறான். அந்த அழுகையைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறேன். இறக்கி வைக்க உன்னிடம் இடமில்லையே."

"என்ன இடம் வேணும்? சொல்லு!"

"உன் தாடைக் கடைசியில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. அவற்றை உள்ளே தள்ளு. மண்டைக்குள் ஒரு சொட்டுக் கடல்நீர் இன்னும் மிச்சமிருக்கிறது. அதன் பக்கத்தில் போய் நிற்கட்டும்."

பக்கத்தில் நின்று தன் மீசையிலும் அதை உணர்ந்த கருக்கன் பதறித் தன் தாடையை அவள் தாடையோடு ஒட்டினான்.

"வேண்டாம் ஆம்பி. அப்புறம் வண்டோட கெட்டி ஓட்டைக்கூட உன்னால கடிக்க முடியாது."

"புழுவைத் தின்னுக்கறேன். பிள்ளை இல்லாம எதைக் கடிச்சு என்ன?"

அவள் கன்னத்தைப் பாறையில் வைத்து அழுத்தினாள். கண்ணில் நீர் முட்டியது. எலும்புகள் அசைந்து, சுருங்கி, மேலே ஏறின. காற்று அவற்றின்மேல் மெல்லிய தோலொன்றை இழுத்துப் போர்த்தியது.

முதலில் பெரணி இலையிலிருந்து பனி சொட்டுவது கேட்டது. இவ்வளவு சின்னதாகக்கூட ஒரு சத்தம் இருக்குமா என்று திகைத்து நின்றாள். அடுத்து, வெகு தொலைவில், நூல் போல ஓர் அழுகை.

ஆம்பி நீரில் பாய்ந்தாள். ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே நீந்தினாள். நனைந்து நடுங்கிய துளிரனைப் பிடரியில் கவ்விக் கரை சேர்த்தாள்.

மாலையில் பிள்ளை உறங்கியபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. கருக்கன் தாடையை ஒட்டி, "என்ன?" என்றான்.

"தூக்கத்துல சிரிக்கிறான். கேக்குது."

கருக்கன் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய்த் தன் கன்னத்தையும் பாறையில் வைத்தான்.

அன்று முதல்தான், பாலூட்டும் தாய்மார்களின் வயிற்றில் வளரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த இரண்டு எலும்புகள் முதலில் தாடையோரம் அரும்பி, பிறகு யாரும் சொல்லாமலே மெல்ல மெல்லக் காதுக்குள் போய்ச் சேர்கின்றன.