மாசிலாமணியின் கிளாரினெட்டுக்கு வயசு பார்த்தது

மொச்சிக்குளத்துப் பேண்டு செட்டில் ஆள் மூன்று பேர். கிளாரினெட் மாசிலாமணி, டிரம் சேவுகன், ஜால்ரா இருளப்பன். மூளை மூவருக்கும் பொதுவில் ஒன்று. அன்றைக்கு அது யாரிடம் இருந்ததோ, தெரியாது.

மறுநாள் மாசிலாமணியின் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி தன் வாயால் கிளாரினெட் ஊதினால்தான் மாப்பிள்ளை காரை விட்டு இறங்குவார் என்று பிள்ளை வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். நேரம் பார்த்து, கிளாரினெட்டில் விரலால் அமுக்குகிற ஒரு கீ கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. சந்தையில் செகண்ட்ஹேண்டில் வாங்கிய கிழட்டுச் சரக்கு.

டவுனில் இருக்கும் ரிப்பேர்க்காரர் காதர் பாய்க்கு மாசிலாமணி போன் போட்டான்.

"யார் செஞ்சது, எந்தக் காலத்துச் சரக்குன்னு தெரிஞ்சாத்தான்யா தோதா கீ போட முடியும். அடிப்பக்கம் பேர் இருக்கும். நல்லாத் தேய்ச்சுட்டுப் படி. வயசையும் பாத்துட்டு எடுத்துக்கிட்டு வா."

திருப்பிப் பார்த்தார்கள். பேர் பளிச்சென்று தெரிந்தது.

"படிச்சுடலாமா அண்ணே?" என்றான் சேவுகன்.

மாசிலாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "பாய் என்ன சொன்னார்? தேய்ச்சுட்டுப் படின்னார். தேய்க்காமப் படிச்சா அது என்னடா பேரு?"

உப்புத்தாளை எடுத்தார்கள். சாயங்காலம்வரை தேய்த்தார்கள். அடிப்பக்கம் வழுவழுவென்று ஆனது. பேரைக் காணோம்.

மாசிலாமணிக்கு மாப்பிள்ளை காரிலேயே உட்கார்ந்திருப்பது கண்முன் வந்து நின்றது.

"பேர் எங்கேயும் போகலைண்ணே, இதோ கிடக்கு" என்றான் சேவுகன். தரையில் கறுப்பாகத் தூள். ஒரு எழுத்தும் சிந்தாமல் கூட்டி அள்ளிப் பொட்டலம் கட்டினான்.

அடுத்தது வயசு. இருளப்பன் சந்தையில் வெண்டைக்காய் விற்பவன். வயசு பார்ப்பது அவனுக்குக் கைவந்த கலை.

"நுனியை ஒடிக்கணும். ஒடிஞ்சா பிஞ்சு. வளைஞ்சா முத்தல்."

"கிளாரினெட்டுக்கும் அப்படித்தானா?"

"கருணைக்கிழங்குக்குத்தான் வேற மாதிரிண்ணே. இது நீளமாத்தானே இருக்கு?"

மறுக்க முடியவில்லை. இருளப்பன் வாய் வைக்கும் நுனியைப் பிடித்தான். படக்.

"அடடா, நல்ல பிஞ்சு! ஏமாத்தி முத்தல்னு வித்துட்டான் பாருங்க" என்றான்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்ப் பாயிடம் கொடுத்தார்கள்.

"யார் செஞ்சது?"

பொட்டலத்தை நீட்டினான் மாசிலாமணி.

"எந்தக் காலத்தது?"

"பிஞ்சு."

பாய் பொட்டலத்தைத் திருப்பி அவன் கையில் திணித்தார். உள்ளே போய்த் தன் சொந்தக் கிளாரினெட்டை எடுத்து வந்தார். "பொண்ணு கல்யாணம்னு தர்றேன். ஊதிட்டுப் பத்திரமாத் திருப்பிக் கொடு. போ."

திரும்பும் பஸ்ஸில் மாசிலாமணிக்கு ஒரே யோசனை. "பாய் மறுபடியும் பேரும் வயசும் கேப்பாரேடா!"

"கல்யாணக் கூட்டத்துல பேர் தொலைஞ்சாலும் தொலையும். இப்பவே எடுத்து வெச்சுக்குவோம்" என்று சேவுகன் உப்புத்தாளை எடுத்தான்.

மொச்சிக்குளம் வந்து இறங்கியபோது இரண்டாவது பொட்டலமும் தயார். பாயுடையதும் பிஞ்சுதான்.

கார் வந்து நின்றது. "ஊதுங்க சம்பந்தி!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

மாசிலாமணி இரண்டு பொட்டலத்தையும் காட்டினான். அவர் காரின் கதவை இழுத்துச் சாத்தினார். முகூர்த்தம் நெருங்கியது. மாப்பிள்ளை அசையவில்லை. மணவறையில் மகள் அழுதாள். 

இருளப்பன் மட்டும் காரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே, மாப்பிள்ளையைச் செஞ்சவர் யாருன்னு தெரியும், இந்தா நிக்கிறார். வயசு பாத்தீங்களா?"

"ஐயையோ, பாக்கலையேடா!"

இருளப்பன் கார் ஜன்னலுக்குள் கையை விட்டு மாப்பிள்ளையின் சுண்டுவிரலைப் பிடித்தான்.

மாப்பிள்ளை அலறிக்கொண்டு அந்தப் பக்கக் கதவைத் திறந்து இறங்கினார். ஓடின ஓட்டம் மணவறையில்தான் நின்றது. கெட்டிமேளம் முழங்கியது.

இருளப்பனுக்குத்தான் மனசே ஆறவில்லை. "ஒடியலைண்ணே, வளைஞ்சுது. முத்தலைத் தலையில கட்டிட்டாங்க!"