பெருமூச்சு பிறந்த கதை

மண்ணும் மரமும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மனிதர்களின் ரத்தம் அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்திருந்தது. அடிபட்டவன் கத்தி ஊரைக் கூட்டினால்தான் உண்டு. பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மலையடிவாரத்தில் சிலம்பாயி என்றொரு பெண் இருந்தாள். அவள் கணவன் மருதையன், சிவப்புக் கல்லைக் கரியோடு உலையிலிட்டு இரும்பு எடுப்பவன். அவளுக்கு ஒரே ஓர் அரிவாள் அடித்துக் கொடுத்துவிட்டு, இன்னும் கல் தேடி வருகிறேன் என்று மலையேறினான். மூன்று அறுவடை ஆயிற்று, ஆளைக் காணோம்.

தினை அறுக்கும்போதெல்லாம் அரிவாள் முனகியது.

"வேலைன்னா மட்டும் ஏண்டி மூக்கால அழுவுறே?" என்றாள் சிலம்பாயி.

"அக்கா, நானும் காத்தும் அந்தக் கல்லுக்குள்ள ஒண்ணா இருந்தோம். உங்க வீட்டுக்காரர் உலையில போட்டதும், அந்தக் கரி என் காத்தை இழுத்துக்கிட்டுப் புகையாப் போயிட்டா. தினமும் அவர் இந்த வழியாத்தான் வர்றார். நீங்க பூசின எண்ணெயால என்னைத் தொட முடியல. எண்ணெயைத் துடைச்சு என்னை ஈரத்துல விடுங்கக்கா."

"அறுப்பு பாதியில நிக்குது. நீ கெட்டுப்போனா நான் என்ன பண்ணுவேன்?"

சொன்னாளே தவிர, மனசு கேட்கவில்லை. மூன்று வருஷமாக மலைப்பாதையையே பார்த்துக் கிடப்பவள் அவள். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, தூறலில் அரிவாளை வரப்போரம் வைத்துவிட்டு வந்தாள்.

தூறல் விட்ட பிறகு போய்ப் பார்த்தால், அரிவாள் செம்மண் பூசியதுபோல் சிவந்து கிடந்தது.

"வந்தாரா?"

"வந்தாருக்கா! இனிமே பிரியவே மாட்டாராம். ஆனா நான் உதிர்றேனே. உங்க தினை?"

"பாத்துக்கலாம்" என்று அவள் அறுக்கப் போனாள். மழுங்கிய அரிவாள் வழுக்கிக் கையைக் கிழித்தது. துரு காயத்தில் இறங்கியது. வெளுத்த ரத்தம் குபுக்கென்று சிவந்தது.

"பயப்படாதீங்க அக்கா" என்றது ரத்தத்துக்குள்ளிருந்து இரும்பு. "இனிமே உங்க உடம்புதான் எனக்கு வீடு. நீங்க மூச்சு இழுக்கும்போதெல்லாம் அவர் என்கிட்ட வருவார்."

"உன் ஆளாவது வர்றானே" என்றாள் சிலம்பாயி. கண் தானாக மலைப்பாதைக்குப் போயிற்று. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மெல்ல விட்டாள். பிறகு மிச்சத் தினையைக் கையாலேயே கொய்யத் தொடங்கினாள்.

அன்று முதல்தான் இரும்பு ஈரத்தில் துருப்பிடிக்கிறது. நம் ரத்தம் சிவந்திருக்கிறது. போனவர் திரும்பாத வீடுகளில் பெருமூச்சு எழுவதும் அன்று முதல்தான்.