பன்றிக்கு வில் வாங்கிய கதை

ஏமாங்கூர்க்காரர்கள் யோசிக்காமல் ஒரு காரியமும் செய்ய மாட்டார்கள். அவர்களுடைய கஷ்டமெல்லாம் அதனால்தான்.

அந்த ஊர்ச் சடையாண்டியின் கடலைக்காட்டில் ஒரு காட்டுப்பன்றி இறங்கிவிட்டது. பாதிக் காடு போயிற்று. மீதியும் போனால் வருஷம் முழுக்க அடுப்பு எரியாது. சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. வில் வாங்கிப் பழகிப் பன்றியை அடித்துவிடுவது என்று முடிவெடுத்து, மச்சான் வெள்ளைச்சாமியையும் சிநேகிதன் கொம்பையாவையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனான்.

வில் விற்கிற பூவாயி, “புதுசாப் பழகுறவரா? வில் உங்க உயரத்துக்கு இருக்கணும்” என்றாள்.

மூவரும் ஒதுங்கி நின்று ஆலோசித்தார்கள்.

“நிக்கிற உயரமா, உக்கார்ற உயரமா?” என்றான் கொம்பையா.

“பன்றி வந்தா நாம எங்க நிக்கப்போறோம்? ஓடுற உயரம்தான் சரி” என்றான் வெள்ளைச்சாமி.

சடையாண்டி ஓடினான். வில்லை நெட்டுக்குத்தலாகப் பிடித்தபடி கொம்பையா கூடவே ஓடி அளந்தான். சட்டிபானைக் கடை ஒன்று சரிந்தது. அளவு மட்டும் கிடைக்கவில்லை.

பூவாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். “உயரத்தை விடுங்க. கையில பாரமே தெரியக்கூடாது. அதைப் பார்த்து எடுங்க.”

சடையாண்டி இருப்பதிலேயே தடித்த வில்லை எடுத்து மச்சான் தலையில் ஏற்றினான். பிறகு தன் இரண்டு கைகளையும் வீசிப் பார்த்தான். “பாரமே தெரியலை! இதுதான் எனக்கேத்த வில்.”

“எனக்குக் கொஞ்சம் தெரியுது மாமா” என்றான் வெள்ளைச்சாமி, முழங்கால் மடங்க.

“உனக்கா வாங்குறோம்?”

பூவாயி கடைசியாக ஒன்று சொன்னாள். “அம்பு பூட்டாம நாணை இழுத்து விட்டுடாதீங்க. வில் தெறிச்சு மூஞ்சியைப் பேத்துடும். அம்பு வேணுமா?”

“வில்லே இப்பத்தான் பழகுறோம். அதுக்குள்ள அம்பா?” என்று கிளம்பிவிட்டார்கள்.

காட்டுக்கு வந்ததும் கொம்பையா வில்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மற்ற இருவரும் பல்லைக் கடித்து நாணை இழுத்தார்கள். காதுவரை வந்தது. சடையாண்டிக்கு மார்பு விம்மியது. அப்போதுதான் பூவாயி சொன்னது வெள்ளைச்சாமிக்கு நினைவுக்கு வந்தது.

“மாமா, விட்டா மூஞ்சி போயிடுமே!”

“விடாதே!”

“சந்தைக்குப் போய் அம்பு வாங்கிட்டு வரட்டுமா?”

“நீ போனா நான் ஒருத்தன் எப்படிப் பிடிக்கிறது?”

புதரை விலக்கிக்கொண்டு பன்றி வந்தது. மூவரையும் ஒருமுறை பார்த்தது. பிறகு நிதானமாகக் கடலையைத் தோண்டித் தின்ன ஆரம்பித்தது. சடையாண்டிக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கை இல்லை.

வேறு வழியில்லாமல், இழுத்த வில் இழுத்தபடி, மூவரும் பக்கவாட்டில் நடந்து சந்தைக்கே திரும்பிப் போனார்கள். பூவாயி வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு ஓர் அம்பைப் பூட்டினாள். “ஆளில்லாத பக்கமாப் பார்த்து விட்டுடுங்கப்பா, தொலையட்டும்!”

“பன்றிக்குன்னு வாங்கினதைக் கண்ட பக்கம் விடுறதா?” என்று சடையாண்டி கோபித்துக்கொண்டான். அதே கோலத்தில் காட்டுக்குத் திரும்பினார்கள்.

காட்டில் ஒரு கடலைச்செடி மிச்சமில்லை. பன்றியும் இல்லை.

“இனி எப்ப வரும் மாமா?”

“கடலை இருந்தாத்தான் வரும்.”

மூவரும் அதை யோசித்துப் பார்த்தார்கள். சரியாகத்தான் பட்டது. சடையாண்டி வீட்டுப் பக்கம் திரும்பி, பெண்டாட்டிக்குக் கேட்கும்படி தொண்டை கிழியக் கத்தினான்:

“அடியே மாராயி! உடனே வந்து கடலை விதை! சீக்கிரம் காய்க்கிற ரகமாப் பாரு, கை வலிக்குது!”